வாடகையில் சேர்ந்த சாப்பாடு

நகரக் கவுன்சிலிலிருந்து திருமதி லோமாக்ஸ் வந்தபோது மேசைமேல் இரண்டு தட்டுகள் இருந்தன. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அந்த இரண்டு தட்டுகளே காரணம் என்று நார்மன் ஹெஸ்கெத் சில மாதங்கள் நினைத்துக்கொண்டிருந்தார். அது முழு உண்மை அன்று. ஆனால் ஒரு மனிதர் தம்மைக் குற்றம் சொல்லாமல் தட்டுகளைக் குற்றம் சொல்வது இயல்புதான்.

அன்று வியாழக்கிழமை. வியாழக்கிழமைகளில், மாடியில் குடியிருக்கும் தெல்மா ஆட்டுக்கறியையும் வெங்காயத்தையும் பாத்திரத்தின் அடியில் பரப்பி, மேலே உருளைக்கிழங்கு வில்லைகளைக் கூரை ஓடுபோல அடுக்கி, ஓவனில் வைப்பாள். நார்மனின் ஓவன் பழையது. பாத்திரத்தை எப்படித் திருப்பி வைத்தாலும் பின்பக்க மூலை ஒன்று கருகிவிடும். அந்தக் கருகிய மூலை நார்மனுக்குப் பிடிக்கும். தெல்மா அதைக் கரண்டியால் வெட்டி எடுத்து, “கருகினதெல்லாம் ஹவுஸ் ஓனருக்கு” என்று அவர் தட்டில் போடுவாள். ஒவ்வொரு வியாழனும் அதே சொற்கள்தாம். ஒவ்வொரு வியாழனும் அவர் அதற்காகக் காத்திருப்பார்.

வாசலில் மணி அடித்ததும் தெல்மாதான் போய்த் திறந்தாள். அதுவும் பின்னர் கவுன்சிலின் அறிக்கையில் எழுதப்பட்டது: உரிமையாளரின் கதவைக் குடியிருப்பவர் திறந்தார்.

“உள்ள வாம்மா, குளிர்ல நிக்காத. சாப்பிட்டியா? மூணு பேருக்குக் காணும்.”

திருமதி லோமாக்ஸ் சாப்பிட வரவில்லை. வாடகை உதவித்தொகை பெறுகிறவரும் வீட்டு உரிமையாளரும் ஒரே கூரையின்கீழ் வாழும் வீடுகளை எல்லாம், அது உண்மையான வாடகைதானா என்று கவுன்சில் அந்தக் குளிர்காலத்தில் சோதித்துக்கொண்டிருந்தது. முன்னறிவிப்பு இல்லாமல் வருவது வழக்கம். அவர் மேலங்கியைக் கழற்றாமலே மேசையோரம் உட்கார்ந்து, எதிரே இருந்த பாத்திரத்தைப் பார்த்தார்.

வீட்டின் பெயர் ‘ஸீ வியூ’, அதாவது கடல் காட்சி. நார்மனின் மாமனார் காலத்தில் அது கோடை விடுதி. ஆலைத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு வந்து ஒரு வாரம் தங்குவார்கள். அந்த மக்கள் விடுமுறைக்கு ஸ்பெயினுக்குப் போகத் தொடங்கியபின், கடலோரத்து மற்ற விடுதிகளைப்போல அதுவும் அறை அறையாக வாடகைக்கு விடப்பட்டது. மனைவி ஜாய்ஸ் இறந்தபிறகு நார்மன் தரைத்தளத்தில் தனியே இருந்தார். மேல்தளத்தில் கூரை ஒழுகியதால் யாரும் இல்லை. நடுத்தளத்தில் முன்பக்கத்து இரண்டு அறைகள் தெல்மா காட்டரலுடையவை. கடற்கரைச் சூதாட்டக் கூடத்தில் சில்லறை மாற்றிக் கொடுக்கும் கூண்டில் இருந்தவள். இடுப்பெலும்பு தேய்ந்து வேலையை விட்டவள். கையில் காசு இருந்தால் பழைய கூடத்துக்கே போய் அதைத் தொலைத்துவிடுவாள் என்பது அவளுக்கே தெரியும். அதனால் வந்த முதல் மாதமே, உதவித்தொகையை நேராக உரிமையாளரின் கணக்கில் போட்டுவிடும்படி கவுன்சிலுக்கு எழுதிக் கொடுத்தாள். வீட்டைச் சுற்றிக் காட்டியபோது நார்மன் பெயருக்கு விளக்கம் தேடித் தடுமாற, அவளே முடித்துவைத்தாள். “கடல் பாக்கணும்னா கக்கூஸ்லதான் உக்காரணும் போல. பரவால்ல, நான் கடல நெறையப் பாத்தாச்சு.”

சேர்ந்து சாப்பிடுவது யாரும் திட்டமிட்டுத் தொடங்கியது அன்று. மூன்று குளிர்காலங்களுக்கு முன் அவள் தளத்து அடுப்பு பழுதானது. பழுது பார்க்கிறவர் வரும்வரை என் சமையலறையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்றார் நார்மன். பழுது பார்க்கிறவரும் வந்தார்; அடுப்புக்குப் புதுப் பாகங்கள் போட்டார்; போனார். அன்று மாலையும் தெல்மா கீழே இறங்கி வந்தாள். அடுப்பு சரியாகிவிட்டதைப் பற்றி இருவரும் பேசவில்லை. அதன்பிறகும் பேசவில்லை.

இதையெல்லாம் திருமதி லோமாக்ஸ் கேட்கவில்லை. கறியை யார் வாங்கினார் என்று கேட்டார். நார்மன் வாங்கினார். யார் சமைத்தார்? தெல்மா. மாலை நேரத்தில் தொலைக்காட்சி எந்தத் தளத்தில் பார்ப்பார்கள்? கீழே. உதவித்தொகை முழு வாடகைக்குப் போதுமா? போதாது. மீதியை யார் கொடுக்கிறார்?

“நான் அத கேக்கறதில்ல,” என்றார் நார்மன்.

“ஏன்?”

“அவங்க சமைக்கிறாங்களே.”

அவர் பொய் சொல்லாதவர். ரயில் நிலையத்தில் பயணச்சீட்டுப் பரிசோதகராக இருந்து, காரணம் கேட்டால் காரணத்தை மட்டுமே சொல்லப் பழகியவர். அது நல்ல பதில் என்றும் நினைத்தார்.

திருமதி லோமாக்ஸ் பேனாவை நிறுத்தினார். “தப்பா நெனைக்காதீங்க, எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். இவங்க உங்களுக்கு என்ன வேணும்?”

நார்மன் சரியான சொல்லைத் தேடினார். ‘குடியிருப்பவர்’ என்பது பிழையற்ற சொல். ஆனால் சட்டை சின்னதாகிப்போன மாதிரி இருந்தது. ‘துணை’ என்றால் பொய். ‘சிநேகிதி’ என்ற சொல்லை அவர் வாழ்நாளில் எந்தப் பெண்ணைக் குறித்தும் சொன்னதில்லை. சொல்லை எடை போட்டுக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அறையில் ஓவன் ஆறும் சத்தம் மட்டுமே கேட்டது.

தெல்மா சிரித்துவிட்டாள். “என்னத்தம்மா வேணும்? இவரு ஹவுஸ் ஓனரு, நான் இவரோட சமையல்காரி. சம்பளந்தான் இன்னும் பேசி முடிக்கல.”

திருமதி லோமாக்ஸ் அதையும் எழுதிக்கொண்டார். அந்தத் தயக்கத்தையும் எழுதிக்கொண்டார்.

முடிவு தபாலில் வந்தது. அதன் மொழி மரியாதையானது. திருமதி காட்டரலின் குடியிருப்பு வணிக அடிப்படையில் அமைந்தது அன்று என்று கவுன்சில் கருதுகிறது; ஆகவே அவர் உதவித்தொகைக்கு உரியவர் அல்லர்; மூன்று ஆண்டுகளாக வழங்கப்பட்ட தொகை முழுவதும் கூடுதலாக வழங்கப்பட்டதே; அது திரு. ஹெஸ்கெத்தின் கணக்குக்கு வந்ததால் அவரே திருப்பிச் செலுத்த வேண்டும். நார்மன் அந்தத் தொகையை ஒருமுறை பார்த்துவிட்டுக் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார். ஒழுகும் கூரையைக்கூட மாற்ற முடியாத மனிதருக்கு அது வீட்டை விற்றால்தான் தீரும் தொகை.

தெல்மா அதை வாசித்துவிட்டு மடித்து உறைக்குள் வைத்தாள். பிறகு, பிரெஸ்டனில் இருக்கும் தன் அக்கா மகள் வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொன்னாள். “நான் போயிட்டா இவங்க விட்டுடுவாங்கல்ல?”

“பழைய பணத்த விட மாட்டாங்க.”

“அப்ப நான் போயி என்ன பிரயோஜனம்?”

“ஒண்ணுமில்ல,” என்றார் நார்மன். “அதனால போக வேண்டாம்.”

மேல்முறையீடு செய்வதாகச் சொன்னார். வீடு போனால் வேறு வீடு கிடைக்கும். அவருக்கு வயது எழுபத்தொன்று, ஓர் அறை போதும். போகக்கூடாதது வேறு: அந்த மேசையின் எதிர்நாற்காலி காலியாகக் கூடாது. அதை அவர் தெல்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும், கவுன்சிலும் வென்றிருக்கும்.

யோசனை கேட்க அவர் போனது கிளைவ் பிரிண்டில் என்பவரிடம். பின்தெருவில் ஆறு வீடுகளை அறைகளாகத் தடுத்து வாடகைக்கு விட்டவர். கவுன்சிலோடு சண்டை போடுவதை மற்றவர்கள் மீன்பிடிப்பதைப்போல ஓய்வுநேர வேலையாக வைத்திருந்தவர். புல்தரையில் பந்துருட்டி விளையாடுகிறவர்களின் சங்கத்து மதுக்கூடத்தில் அவருக்கென்று ஒரு மூலை உண்டு. நார்மன் சொல்லி முடிக்கும்வரை முகத்தை இறுக்கிக்கொண்டு கேட்டார். பிறகு அந்த மூலையே குலுங்கச் சிரித்தார்.

“ஏம்ப்பா நார்மன், ஊருக்கே தெரியாம குடும்பம் நடத்திருக்க. ஒரு கல்யாணக் கேக் துண்டாவது குடுத்திருக்கலாமில்ல?”

“குடும்பம் நடத்தல. சாப்பிட்டோம்.”

“கவுன்சிலுக்கு ரெண்டும் ஒண்ணுதான். என் வீட்ல குடியிருக்கிற எவனாவது எனக்குச் சமைச்சுப் போட்டிருக்கானா? விஷந்தான் வெப்பான்.”

சிரிப்பு அடங்கியதும் கிளைவ் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். விஷயம் எளிது என்றார். இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்தேன் என்று சொன்னால் தோல்வி. பழகிப்போய்க் கேட்காமல் விட்டேன் என்றாலும் தோல்வி. அந்த அம்மாளிடம் மீதி வாடகைக்கு ஈடாகச் சமையல் என்று முதலிலேயே பேரம் பேசினேன் என்று சொல்ல வேண்டும். பேரம் என்றால் வியாபாரம். வியாபாரம் என்றால் வாடகை. வாடகை என்றால் உதவித்தொகை சரி.

“அப்படி யாரும் பேரம் பேசல, கிளைவ்.”

“லோமாக்ஸ் அம்மா ஏன்னு கேட்டப்ப நீ என்ன சொன்ன?”

“அவங்க சமைக்கிறாங்கன்னு சொன்னேன்.”

“அவ்வளவுதான். பேசியாச்சு. உனக்குத் தெரியாமலே பேசியிருக்க. இன்னொண்ணு, விசாரணை முடியற வரைக்கும் அந்தம்மா கீழ கால் வைக்கக் கூடாது. அதையும் எழுத்துல குடு. ரெஜிஸ்டர் தபால்ல.”

“மாடிப்படி ஏறிக் குடுத்தா போதாதா?”

“கையெழுத்து வேணும்ப்பா. காதல் கடுதாசியத்தான் கைல குடுப்பாங்க.”

நார்மன் கடிதம் எழுதினார். கீழ்த்தளச் சமையலறையைப் பயன்படுத்துவதை மறு அறிவிப்பு வரும்வரை நிறுத்திக்கொள்ளுமாறு திருமதி காட்டரலைக் கேட்டுக்கொள்ளும் கடிதம். தபால் நிலையத்துக்கு நடந்துபோய்ப் பதிவு செய்தார். மறுநாள் காலை மணி அடித்தது, தபால்காரர் நின்றார், கதவைத் திறந்தவர் நார்மன். உறையின் முன்பக்கம் இருந்த முகவரியையும் பின்பக்கம் இருந்த முகவரியையும் தபால்காரர் மாற்றி மாற்றிப் பார்த்தார். இரண்டும் ஒன்றே. நார்மன் தெல்மாவைக் கூப்பிட, அவள் கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக இறங்கி வந்து கையெழுத்துப் போட்டாள்.

“யாருகிட்டருந்து?” என்று தபால்காரரிடமே கேட்டாள்.

“ரொம்ப தூரத்துலருந்து வந்திருக்கும்மா,” என்றார் அவர்.

அன்று மாலை படிக்கட்டின் மேலிருந்து குரல் வந்தது. “நார்மன், உப்பு தீந்துபோச்சு. கேட்டு வாங்கிக்கலாமா, இல்ல அதுக்கும் எழுதிப் போடணுமா?”

நார்மன் உப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு பாதிப் படி ஏறினார். அவள் மறுபாதி இறங்கினாள். பெட்டி கைமாறியது. இருவரும் திருட்டுத்தனம் செய்கிற பிள்ளைகளைப்போலச் சிரித்தார்கள். அந்த வாரங்களில் அவர் தகர டப்பாப் பீன்ஸைச் சூடாக்கி ரொட்டிமேல் ஊற்றிச் சாப்பிட்டார். ஆனாலும் அது தற்காலிகம் என்பதால் கசக்கவில்லை. சரியாகச் சாப்பாட்டு வேளையில் தலைக்குமேல் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கும். உடனே அவரும் உட்காருவார்.

தீர்ப்பாயத்துக்கான வாக்குமூலத்தை எழுதக் கூடுதல் நாட்கள் ஆயின. நார்மன் அதை ஜாய்ஸின் பழைய எழுத்துமேசையில் உட்கார்ந்து எழுதினார். ஒவ்வொரு வாக்கியமும் அடுத்த வாக்கியத்தைத் தாங்கி நிற்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து அமைத்தார். முழுப் பொய்யை அவரால் எழுத முடியாது. முழு உண்மை உதவாது. இரண்டுக்கும் நடுவே ஒற்றையடிப் பாதையாக ஒரு வாக்கியம் கிடைத்தபோது அவருக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது: ‘திருமதி காட்டரல் எனக்குச் சமைத்துத் தந்தது நட்பின் காரணமாக அன்று, உதவித்தொகையால் ஈடுகட்டப்படாத வாடகைப் பகுதிக்கு அது மாற்றாக அமைந்தது.’ படித்துப் பார்த்தார். ஒரு சொல்லைக்கூட அசைக்க முடியாது. கிளைவ் அதைத் தொலைபேசியில் கேட்டுவிட்டு, கவுன்சில்காரன் தொப்பியைக் கழற்றுவான் என்றார்.

எழுதும்போது தீர்ப்பாயத்தின் நீதிபதியை மட்டுமே அவர் மனத்தில் வைத்திருந்தார். உதவித்தொகை தெல்மாவின் பெயரில் வந்தது. ஆகவே வழக்கில் அவளும் ஒரு தரப்பு. ஒவ்வொரு தரப்புக்கும் எல்லாக் காகிதங்களின் நகலும் போகும். இந்த நடைமுறையைச் சொல்லும் பத்தியைப் படித்திருந்தார். படித்தது நினைவிலும் இருந்தது. ஆனால் ‘ஒவ்வொரு தரப்பும்’ என்றால் மாடியில் இருக்கும் தெல்மா என்று தோன்றவில்லை.

அதே தபால்காரர் இரண்டு கனமான உறைகளோடு வந்தார். ஒன்று நார்மனுக்கு, ஒன்று தெல்மாவுக்கு. “இந்தத் தடவ ரெண்டு பேருக்கும் ஒரே கதை போலருக்கே,” என்றார். தெல்மா சிரித்தாள், கையெழுத்திட்டாள், உறையை அக்குளில் இடுக்கிக்கொண்டு படியேறினாள். பாதிப் படியில், “படிச்சுட்டு உனக்குக் கதை சொல்றேன்,” என்றாள். நார்மன் தம் உறையைப் பிரித்து, பக்கங்களைப் புரட்டி, தம் வாக்கியம் அச்சுப்போல நிற்பதைக் கண்டார். அப்போதுதான் மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அவர் படியடிவரை போனார். கைப்பிடியில் கையும் வைத்தார். கீழே வரக் கூடாது என்று அவளுக்கு எழுதியிருந்தார். தாம் மேலே போகலாமா என்பதைப் பற்றி எதுவும் எழுதவில்லை. போய் என்ன சொல்வது? அது வழக்குக்காக எழுதியது என்று சொல்லலாம். அப்படியானால் எது வழக்குக்காக இல்லாதது என்று அவள் கேட்பாள். அதற்கு ஒரு சொல் வேண்டும். அந்தச் சொல் அன்றைக்குத் திருமதி லோமாக்ஸின் முன்னாலும் கிடைக்கவில்லை; இப்போதும் கிடைக்கவில்லை. நார்மன் கையை எடுத்தார்.

கதை சொல்ல அவள் வரவில்லை. மறுநாள் காலை கீழ்ப்படியில் ஓர் உப்புப் பெட்டி இருந்தது. அவர் கொடுத்தது பாதி தீர்ந்தது. இது கடையிலிருந்து வந்த புதியது, முத்திரைகூடக் கிழியவில்லை.

விசாரணைக்குப் பக்கத்து நகரத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஒரே பேருந்துதான். தெல்மா முன்வரிசையில், முதியோருக்கான இருக்கையில் உட்கார்ந்தாள். இடுப்புக்கு அதுதான் வசதி. அவளுக்கருகே இடம் இருந்தது. நார்மன் ஒரு கணம் நின்றார். அவள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பின்னால் போய் உட்கார்ந்து, வழி முழுவதும் அவளுடைய நீலத் தொப்பியைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அறை சிறியது. ஒரு கூஜாத் தண்ணீர், கவிழ்த்து வைத்த கண்ணாடிக் குவளைகள், கீழே கடைத்தெருவின் இரைச்சல். நீதிபதி நரைத்த முடியை ஒட்ட வெட்டிய பெண்மணி. கேள்விகளை மெதுவாகக் கேட்டார். கவுன்சிலுக்காக ஓர் இளைஞர் வந்திருந்தார். ஒரு மேசை, ஒரு சாப்பாடு, ஒரு தொலைக்காட்சி, கேட்கப்படாத மீதி வாடகை என்று அவர் சொல்லி முடித்தபோது, நார்மனுக்கே அது தம்மைவிட நன்றாக வாழ்ந்த யாரோ இருவரின் கதையாகத் தோன்றியது.

நீதிபதி நார்மன் பக்கம் திரும்பினார். “திருமதி காட்டரல் சமைக்கறத நிறுத்திட்டிருந்தா நீங்க என்ன செஞ்சிருப்பீங்க?”

“மீதி வாடகையக் கேட்டிருப்பேன்.”

“குடுக்கலன்னா?”

தெல்மா அவருக்கு வலப்பக்கம், கை எட்டும் தூரத்தில் இருந்தாள். கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்திருந்தாள்.

“காலி பண்ணச் சொல்லியிருப்பேன்,” என்றார் நார்மன்.

அது பொய். அலுவலக அறை ஒன்றில் அவர் சொன்ன முதல் பொய். சொல்வதற்கு எவ்வளவு எளிதாக இருந்தது என்பதுதான் அவரை வியப்பில் ஆழ்த்தியது.

கவுன்சில் இளைஞர் தெல்மாவைக் கேட்டார். சமையல்காரி என்று அன்று சொன்னது வேடிக்கைக்குத்தானே? எல்லாமே இப்போது அவள் பதிலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஆமாம், வேடிக்கைதான், அவர் எனக்கு வேண்டியவர், அதனால் சமைத்தேன் என்று சொன்னால் வீடு போய்விடும். நார்மனுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும், அவள் அப்படிச் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு பகுதி மனம் கேட்டது. அந்தப் பகுதி அவ்வளவு பெரியதாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

தெல்மா மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு பேசினாள். “சொன்னப்ப வேடிக்கைக்குத்தான் சொன்னேன். அப்புறம் மிஸ்டர் ஹெஸ்கெத் எழுதினதப் படிச்சேன். அதுதான் சரி. மீதி வாடகைக்குத்தான் சமைச்சேன். அவரு ரொம்ப யோசிச்சு எழுதறவரு. அவர் எழுத்துல தப்பு இருக்காது.”

நீதிபதி அவளைச் சற்றுக் கூடுதலாக உற்றுப் பார்த்தார். பிறகு குறித்துக்கொண்டார்.

முடிவை அன்றே சொல்லிவிட்டார்கள். குடியிருப்பு வணிக அடிப்படையிலானதே. வாடகையின் ஒரு பகுதி பணமாக, ஒரு பகுதி உழைப்பாகச் செலுத்தப்பட்டது. கூடுதலாக வழங்கப்பட்ட தொகை எதுவும் இல்லை. திருப்பிச் செலுத்த வேண்டியதும் இல்லை. கவுன்சில் இளைஞர் நார்மனின் கையைக் குலுக்கினார்.

தெருவில் மழை பிடித்திருந்தது. எதிரே ஒரு வறுத்த மீன் கடை. சன்னல் முழுதும் ஆவி. ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போகலாமா என்று நார்மன் கேட்டார்.

“வேண்டாங்க. கவுன்சில் பையன் இன்னும் உள்ளதான் இருக்கான். ரெண்டு தட்டப் பாத்தா மறுபடி ஆரம்பிப்பான்.”

வேடிக்கையாகச் சொன்ன மாதிரியே இருந்தது. ஆனால் சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை. பேருந்து நிறுத்தத்தின் கூரைக்கடியில் போய் நின்றுகொண்டாள்.

அடுத்த சில நாட்கள் எதுவும் நடக்கவில்லை. கிளைவ் ஒரு விஸ்கிப் போத்தலோடு வந்து, பாதியைத் தாமே குடித்துவிட்டுப் போனார். நார்மன் வியாழனுக்காகக் காத்திருந்தார். சமையலறைத் தடை நீங்கியது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு, மாடிப்படியில் அவளைக் கண்டபோது வாயாலேயே சொன்னார். அவள் நன்றி என்றாள். வியாழன் காலை கறிக்கடைக்குப் போய், வழக்கமான கறியை வழக்கமான அளவுக்கு வாங்கி வந்தார். அது குளிர்பெட்டியிலேயே இருந்தது.

மாலையில் சமையலறைக் கதவு தட்டப்பட்டது. மூன்று ஆண்டுகளாக அவள் அந்தக் கதவைத் தட்டியதில்லை. திறந்தால், கையில் ஓர் அகலமான தட்டம். தட்டத்தில் ஒரு தட்டு. அதை மூடி இன்னொரு தட்டு. பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் ஊறவைத்த சிவப்பு முட்டைக்கோஸ். ஒரே ஒரு முள்கரண்டி.

“உங்க சாப்பாடு, மிஸ்டர் ஹெஸ்கெத்.”

அவர் தட்டத்தை வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கிக்கொண்டால் ஏதோ ஒன்று உறுதியாகிவிடும் என்று தோன்றியது. “தெல்மா, இதெல்லாம் வேண்டாம். மீதி வாடகைய நான் கேக்கப் போறதில்ல. எப்பவும் கேட்டதில்லையே.”

“கேக்காம இருக்கக் கூடாதுங்க. கேக்கலன்னா அது வாடகையே இல்லன்னு ஆயிடும். அப்புறம் லோமாக்ஸ் அம்மா வருவாங்க, உங்க வீடு போயிடும். நீங்க எழுதினத நான் ஒரு தடவைக்கு மூணு தடவ படிச்சேன். எனக்கே புரியற மாதிரி எழுதியிருந்தீங்க.”

“அது வழக்குக்காக எழுதினது.”

“தெரியுங்க.” அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பதில் சொல்ல ஏதாவது கிடைத்திருக்கும். “வழக்கு ஜெயிச்சாச்சு. இனிமே அப்படித்தான் இருந்தாகணும். தட்டம் கனக்குது, வாங்கிக்கிறீங்களா?”

அவர் வாங்கிக்கொண்டார். அவள் திரும்பி, கைப்பிடியைப் பற்றி, முதல் படியில் காலை வைத்தாள். நார்மன் தம் வாழ்க்கையில் கேட்டவற்றுள் மிகக் கடினமான கேள்வியைக் கதவருகே நின்று அவள் முதுகிடம் கேட்டார்.

“சேந்து சாப்பிடலாமில்ல?”

தெல்மா நின்றாள். யோசித்துப் பார்ப்பதுபோல் இருந்தது. யோசித்தும் பார்த்திருக்க வேண்டும்.

“அது வாடகைல சேராதுங்க,” என்றாள்.

பிறகு ஏறினாள். நல்ல காலை முதலில் வைத்து, மற்றதை அதனருகே இழுத்து, மீண்டும் நல்ல காலை வைத்து. கடைசிப் படியிலிருந்து அறைக்கதவுவரை பலகை கிறீச்சிடும் சத்தம் கேட்டது. அதன்பின் கதவு.

நார்மன் தட்டத்தை மேசையில் வைத்துவிட்டு நின்றார். தலைக்குமேல் நாற்காலி இழுபட்டது. அவர் உட்கார்ந்தார். எதிர்நாற்காலியை மேசைக்குள் தள்ளி வைக்கலாம் என்று கையை நீட்டி, பிறகு அது இருக்கிறபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். மேல்தட்டை எடுத்தார். ஆவி அடங்கியதும் உள்ளே இருந்தது தெரிந்தது: கறி, சாறு, அடுக்கிய உருளைக்கிழங்கு. அவற்றின்மேல், தனியே வெட்டி வைத்தது, கருகிய ஒரு மூலை.

அதை அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தளத்து அடுப்புக்குப் புதுப் பாகங்கள் போட்டதற்குப் பணம் கொடுத்தவர் அவர். அதன் ஓவனில் எல்லாப் பக்கமும் ஒரேமாதிரி வேகும். அதில் ஒரு மூலை தானாகக் கருகாது. கருக வேண்டும் என்றால் மூன்று பக்கத்தை எதைக்கொண்டாவது மூடிவிட்டு, ஒருவர் அருகிலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அதை முதலில் சாப்பிடலாமா, கடைசியில் சாப்பிடலாமா என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் சாப்பிட்டார். அதற்குள் ஆறிவிட்டது.

தட்டுகளையும் கிண்ணத்தையும் கழுவித் துடைத்து, தட்டத்தில் அடுக்கிக் கீழ்ப்படியில் கொண்டுபோய் வைத்தார். சமையலறைக்குத் திரும்பியவர் பாதி வழியில் நின்றார். அவ்வளவு தாழ்வில் இருந்தால் எடுப்பதற்கு அவள் குனிய வேண்டும். திரும்பி வந்து தட்டத்தை எடுத்துக்கொண்டு, பலகை கிறீச்சிடாத ஓரங்களாகப் பார்த்துக் கால் வைத்து மேலே ஏறினார். அவள் கதவுக்கு வெளியே, சுவரோரம், ஜாய்ஸின் காலத்திலிருந்து கிடக்கும் உயரமான பூச்சாடிப் பலகைமேல் தட்டத்தை வைத்தார்.

கதவின் அடியில் வெளிச்சம் இருந்தது. உள்ளே தொலைக்காட்சியில் அவர்கள் வழக்கமாகப் பார்க்கும் வினாவிடை நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கேள்விக்கு அவருக்குப் பதில் தெரிந்தது. கேள்வி கேட்டவர் விடையை அறிவிக்கும்வரை நின்றிருந்துவிட்டு, வந்த மாதிரியே ஓரமாக இறங்கிப் போனார்.